சவுக்குக் கழியில் இரட்டைக் கோபுரம்

கங்காதரனுக்கு சுலோச்சனா காப்பி கொடுத்தாள். கொடுத்ததில் ஒன்றுமில்லை. வீடு தேடி வந்தவனுக்குக் காப்பி கொடுக்காமல் வெந்நீரா கொடுப்பார்கள்? ஆனால் சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமல் கொடுத்தாள். அவனும் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆங், சரியா இருக்குது சுலோ" என்றான். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிங்காரத்துக்கு அது உறுத்தியது. கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவனுடைய காப்பியில் வாரத்துக்கு இரண்டு நாளாவது சர்க்கரை கூடியிருக்கும், இல்லை குறைந்திருக்கும். இவனுக்கு மட்டும் அளவு எப்படித் தெரிந்தது என்று யோசித்து யோசித்து, தன் காப்பியை ஆறவைத்துவிட்டான்.

சுலோச்சனாவின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருவர். அவருடைய மகன்தான் கங்காதரன். அவளுக்கு மாமன் மகன், கட்டிக்கொள்ளும் முறை. ஆந்திரா எல்லையோரத்துப் பேச்சில் பாவா. அவளைத் தொட்டிலில் போட்ட அன்றே இவனுக்கு என்று பேசிவிட்டார்களாம். பதினெட்டு வயதுவரை பள்ளிப்பட்டில் எந்தப் பையனும் அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை. தொண்ணூற்று நான்கில் கங்காதரன் மலேசியா போனான். இரண்டு வருஷம் கழித்து, அவன் அங்கேயே யாரையோ பார்த்துக்கொண்டான் என்று ஒரு பேச்சு வந்தது. அவசர அவசரமாக மாப்பிள்ளை தேடி, திருத்தணியில் பந்தல் போடுகிற சிங்காரத்துக்குப் பெண்ணைக் கொடுத்தார்கள். தன் கல்யாணத்துக்குத் தானே ஏணி வைத்து ஏறிப் பந்தல் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை இந்தப் பக்கத்திலேயே அவன் ஒருவன்தான்.

மாமியார் வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ இருந்தது. பாதி எழும்பிய இரண்டு கோபுரங்கள். முன்னால் மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்து கங்காதரன். சாமி படங்களுக்குச் சாத்துகிற பூவில் ஒரு முழம் அதற்கும் போகும். யார் வந்தாலும் மாமியார் அதைக் காட்டி, "எங்க அண்ணன் பையன் கம்பி கட்டின பில்டிங்கு. ஒலகத்துலயே ஒசந்தது" என்பாள். அதைவிட உயரமாக எத்தனையோ வந்துவிட்டன என்று சிங்காரம் ஒரு தரம் செய்தித்தாளைப் படித்துக் காட்டினான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலை தீபாவளியிலிருந்து மாமியார் கண்ணை மூடும்வரை அந்தப் போட்டோவுக்கு நேர் கீழேதான் அவனுக்கு இலை போட்டார்கள். நிமிர்ந்தால் கங்காதரன், குனிந்தால் சோறு. இந்தக் கண்றாவியை யாரிடம் சொல்ல முடியும்?

இப்போது அவனே வந்து உட்கார்ந்திருக்கிறான். தலை நரைத்து, தொப்பை போட்டு, கோலாலம்பூரில் சொந்தமாக ஓட்டல் வைத்தவன் என்ற தோரணையோடு. மகள் துர்காவுக்கு ஆவணியில் கல்யாணம். மலைமேல் சாமி சந்நிதியில் தாலி, கீழே அரக்கோணம் ரோட்டு மண்டபத்தில் விருந்து. மண்டபத்து முகப்புக்காக வந்திருக்கிறான்.

"எங்க டவர அப்படியே கட்டணும் அண்ணா. ரெண்டு கோபுரம், நடுவுல பாலம். அங்கேர்ந்து நாப்பது பேரு வர்றாங்க. வாசல்ல பாத்ததும் அசந்துபூடணும்."

"ஓலைப்பந்தல் போடறவன்கிட்ட வந்து மலேசியாவையே கேட்டா எப்படி?" என்றான் சிங்காரம். முறைப்படி கங்காதரனைத் தம்பி என்று கூப்பிடவேண்டும். வாய் வரவில்லை. இத்தனை வருஷமாக முறைச்சொல் எதுவும் இல்லாமலே பேசி ஒப்பேற்றிவிட்டான்.

"நீங்கதாண்ணா கட்டணும். அது சும்மா கட்டடம் இல்ல. அந்த நாடே அதுல நிக்குது. முஸ்லிம் நாடு, அவங்க மார்க்கம், கலாச்சாரம் எல்லாம் அடியிலேர்ந்து முடி வரைக்கும் அதுல வெச்சிருக்காங்க. மலேசியான்னா அந்தப் படத்தத்தான போடறாங்க? அங்க பொறந்த கொழந்தகூட அதக் காட்டி எங்க டவருனு சொல்லும்."

அங்கே பிறந்த குழந்தை சொல்லட்டும். பள்ளிப்பட்டில் பிறந்த இவன் எப்படி எங்க டவர் என்கிறான்? அந்த நாடும் இவனுடையது இல்லை, அந்த மார்க்கமும் இவனுடையது இல்லை. கம்பி கட்டினான், கூலி வாங்கினான், அத்தோடு தீர்ந்தது. ஆனால் அப்படித் தீரவில்லை என்பதுதான் சிங்காரத்தின் வயிற்றெரிச்சல். அவனும் பதினாறு வயதிலிருந்து கட்டுகிறான். கோட்டை கட்டியிருக்கிறான், அரண்மனை கட்டியிருக்கிறான், அரக்கோணத்தில் ஒரு கட்சி மாநாட்டுக்கு நாடாளுமன்றமே கட்டினான். எல்லாம் கட்டின மூன்றாம் நாள் பிரித்து வண்டியில் ஏற்றியாகிவிடும். நான் கட்டினது என்று காட்டுவதற்கு உலகத்தில் அவனுக்கு ஒரு முழச் சுவர் கிடையாது. கங்காதரன் கட்டினதோ மேகத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்ல சிங்காரம் வாயெடுத்தான். அதற்குள் சமையலறை வாசலில் நின்ற சுலோச்சனா, "கட்டித் தருவாரு பாவா. நீங்க கெளம்புங்க" என்றாள். புருஷன் வேலையைப் பற்றி அவள் வாயைத் திறந்ததே அதுதான் முதல் தடவை.

ஆடிக் கிருத்திகை முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சரவணப் பொய்கை பக்கம் காவடி வரும் வழி நெடுக வளைவு வைத்துக் கட்டின கை இன்னும் ஓயவில்லை. ஒவ்வொரு வளைவு உச்சியிலும் மூங்கில் பிளாச்சில் ஓர் அறுகோணம், முருகனுடைய ஆறு முனை நட்சத்திரம். ஒரு முக்கோணத்தின்மேல் இன்னொன்றைத் தலைகீழாக வைத்து ஆறு இடத்தில் முடிச்சுப் போட்டால் முடிந்தது. சிங்காரத்துக்கும் அவனோடு முப்பது வருஷமாக வேலை செய்கிற கண்ணையனுக்கும் அது கண் பார்த்துக் கை செய்கிற வேலை இல்லை. பேசிக்கொண்டே கட்டுவார்கள், வெற்றிலை போட்டுக்கொண்டே கட்டுவார்கள்.

கோபுரத்துக்கு கங்காதரன் வாட்ஸப்பில் படம் அனுப்பியிருந்தான். கீழிருந்து எடுத்தது. அடியில் அகலமாகத் தொடங்கி மேலே போகப்போகக் குறுகி ஊசியாக முடிகிறது. சுற்றிலும் முனை முனையாகப் பிதுங்கிக்கொண்டு இருக்கிறது. சிங்காரம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். நட்சத்திர வடிவத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள் என்று புரிந்தது. நடுவே நீளமான சவுக்குக் கழியை நட்டு, ஐந்தைந்து அடிக்கு ஒரு நட்சத்திரச் சட்டத்தை அதில் கோத்து, ஒவ்வொன்றையும் கீழே உள்ளதைவிடச் சிறிதாக வைத்து, மேலே வெள்ளி நிறச் சாட்டின் துணியை இழுத்துப் போர்த்திவிட்டால் கோபுரம் வந்துவிடும். நட்சத்திரம்தானே? கண்ணையனிடம் பிளாச்சு பிளக்கச் சொன்னான். இரண்டு பேரும் உட்கார்ந்து சட்டங்களைக் கட்டினார்கள். ஆடி மாசத்துக் கை. ஒரு கோபுரத்துக்கு ஏழு சட்டம் வீதம் பதினான்கு.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் இரண்டு கோபுரங்களும் துணி இல்லாமல் வெறும் எலும்பாக நின்றன. மண்டபத்து எதிரே டீக்கடையில் கும்பல் சேர்ந்து பார்த்தது. கங்காதரன் காரிலிருந்து இறங்கி வந்தான். சுற்றிச் சுற்றி நடந்தான். அடிச் சட்டத்தின் ஒவ்வொரு முனையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு அண்ணாந்து நின்றான்.

"அச்சு அசல் அண்ணா," என்றான். "நாங்க கம்பி கட்டறப்போ இப்பிடித்தான் நிக்கும்."

சிங்காரத்துக்குக் கடுகளவு சந்தோஷமும் பூசணியளவு எரிச்சலும் வந்தன. நாங்களாம்.

மறுநாள் காலையில் சுபான் பாய் துணி கொண்டுவந்தார். பஜாரில் தையற்கடை வைத்திருக்கிறார். பந்தல் துணி என்றால் சிங்காரம் அவரைத் தவிர இன்னொருவரிடம் போவதில்லை. கண்ணையன் மேலே ஏறி முதல் சட்டத்தில் துணியை மாட்டினான். மாட்டினால் தொளதொளவென்று தொங்குகிறது. ஒவ்வொரு முனைக்கும் ஒரு மடிப்பு என்று பாய் தைத்திருந்தார். முனைகளிலெல்லாம் மாட்டிய பிறகும் இரண்டு மடிப்பு மிச்சம்.

"அளவு தப்பா பாய்?" என்றான் சிங்காரம்.

பாய் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றி விரலை நீட்டி எண்ணினார். திரும்பிவந்து சிரித்தார். "துணி சரிதான் சிங்காரம். கோபுரம்தான் தப்பு. எட்டு மூலை வரணும். நீ ஆறுதான் கட்டி வெச்சிருக்கற. மலேசியாவுல உங்க முருகன ஏத்திட்ட."

சிங்காரம் போய் எண்ணினான். ஆறுதான். இத்தனை நாள் பார்த்தும் கண்ணில் படவில்லை. கண்ணையன் மேலிருந்தபடியே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பாய் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் ஒரு சதுரம் போட்டார். அதன்மேல் இன்னொரு சதுரத்தை மூலை திருப்பிப் போட்டார். எட்டு முனை வந்தது.

"துணி வெட்டறதுக்கு முன்னாடி போன்ல பாத்தேன். மேலேர்ந்து பாத்தா ஒவ்வொரு தளமும் இந்த நட்சத்திரம்தான். மூலைக்கு மூலை நடுவுல அரை வட்டம் வெச்சு ரொப்பியிருக்காங்க. எங்க குர்ஆன்ல ஓரத்துல இது வரும். ஓதிகினு வரும்போது ஒரு பங்கு முடிஞ்சா, இங்க முடிஞ்சுதுனு ஒரு அடையாளம். நான் சின்ன வயசுலேர்ந்து பாக்கறது. அத ஒருத்தன் எண்பத்தெட்டு மாடிக்கு அடுக்கியிருக்கான்னு பாத்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி."

"யாரு, அந்த ஊருக்காரனா?"

"இல்ல, வெளிநாட்டு இஞ்சினீயர். மொதல்ல பன்னெண்டு முனை வெச்சு வரைஞ்சானாம். இது அரபிக்காரங்க டிசைனு மாதிரி இருக்குது, எங்களோடது மாதிரி வேணும்னு அந்த நாட்டுக்காரங்க சொல்லி மாத்த வெச்சாங்களாம். மார்க்கம் ஒண்ணுதான். ஆனாலும் எங்க வீட்டு வாசப்படி எங்க வீட்டுது மாதிரி இருக்கணும்னு கேக்கறான் பாரு. அது தப்பா?"

தப்பே இல்லை. சிங்காரம் அந்த நாட்டின்மேலும் கொஞ்சம் பொறாமைப்பட்டான். தனக்குரியது எது என்று தெரிந்து, எழுந்து நின்று கேட்டு வாங்குகிற துப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மண்ணில் கிடந்த எட்டு முனையை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது.

கங்காதரன் நேற்று முனை முனையாகத் தொட்டுப் பார்த்தான். அச்சு அசல் என்றான். இரண்டு வருஷம் அந்த நட்சத்திரத்துக்குக் கம்பி வளைத்துக் கட்டியவனுக்கு எட்டா ஆறா என்று தெரியாதா? சிங்காரத்தைத் தூக்கத்தில் எழுப்பி ஐந்து முனையில் ஓர் அறுகோணத்தைக் காட்டினால் கை தானாகவே தட்டிவிடும். தொழில் செய்தவன் கை மறக்காது. கங்காதரன் அந்தக் கட்டடத்தில் கம்பி கட்டியிருந்தால் அவன் கைக்கும் தெரிந்திருக்கும். அப்படியென்றால் அவன் கட்டவில்லை.

இருபத்தேழு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு வந்ததில்லை. மகன் பாலிடெக்னிக் முடித்தபோதுகூட வரவில்லை. பாயிடம், "இருங்க, சாப்ட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மணி பதினொன்று ஆகாததையும் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினான். வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான். கோபமாகச் சொல்வதா, சிரித்துக்கொண்டே சொல்வதா? ரயில்வே கேட்டில் நின்றபோது, சாதாரணமாகச் சொல்வதுதான் நன்றாக இருக்கும் என்று முடிவு செய்தான்.

சுலோச்சனா முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"உங்க பாவா அந்த டவர்ல ஒரு கம்பிகூட கட்டல. தெரியுமா?"

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

சிங்காரம் சட்டையைக் கழற்றப் போனவன் அப்படியே நின்றான். "இன்னா தெரியும்?"

"கட்டலனு தெரியும். அப்பவே லெட்டர் போட்டிருந்தாரு."

"யாருக்கு?"

"எனக்கு." ஒரு கொத்தை உருவி முடித்துக் காம்பை ஓரமாகப் போட்டாள். "ஏஜென்ட்டு ஏமாத்திட்டானாம். ஓட்டல்ல தட்டு கழுவறேன், பாஸ்போர்ட்ட மொதலாளி புடிச்சி வெச்சிகினு இருக்கான், எப்ப வருவேனோ தெரியாது. அந்தக் கட்டடத்த ஓட்டல் பின்கட்டுலேர்ந்து பாக்கறதோட சரி. எனக்காக காத்துகினு இருக்காத, வேற எடம் பாக்கச் சொல்லுனு எழுதியிருந்தாரு."

"ஹெல்மெட் போட்டோ?"

"எவன்கிட்டயோ வாங்கிப் போட்டுகினு எடுத்தது. மாமாவுக்கும் அத்தைக்கும் தெரிஞ்சா நொந்துபூடுவாங்கனு."

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. அவரு அங்க யாரையோ பாத்துகினாருனு நான்தான் கதை கட்டிவுட்டேன். இல்லாட்டி இவங்க காத்திருப்பாங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"யார்கிட்டயும் சொல்லாதனு எழுதியிருந்தாரு."

கெட்டது செய்துவிட்டோம் என்ற முகம் இல்லை. நல்லது செய்துவிட்டோம் என்ற முகமும் இல்லை. ஒரு பொருளை யாரோ வைத்திருக்கச் சொன்னார்கள், வைத்திருந்தேன் என்பதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த கொத்தை எடுத்தாள். சிங்காரம் முறத்துக்கு எதிரே உட்கார்ந்தான். வேற எடம் பாக்கச் சொல்லு. அந்த வேற எடம் தான்தான் என்பது மனசில் இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கங்காதரன் உயரத்தில் நின்று கம்பி கட்டுகிறான் என்று நினைத்து இத்தனை வருஷம் பொறாமைப்பட்டான். உண்மையில் அவன் நின்றது எச்சில் தட்டுக் குவியலுக்கு நடுவில். அங்கே நின்றுகொண்டே இவள் மனசில் இப்படி ஒரு ரகசியத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கூடப் படுத்து, பிள்ளை பெற்று, இரண்டு பேர் வீட்டுச் சாவுகளுக்கும் சேர்ந்து அழுத பிறகும் சிங்காரத்துக்கு அதில் பங்கு இல்லை. அந்தப் போட்டோவின் கீழே அவன் சாப்பிட்டபோதெல்லாம் பக்கத்தில் நின்று பரிமாறியவள் இவள்தான். அப்போதெல்லாம் தெரிந்துகொண்டே ரசம் ஊற்றியிருக்கிறாள்.

ஒன்று கேட்கவேண்டியிருந்தது. அவன் நிஜமாகவே கம்பி கட்டியிருந்தால் நீ காத்திருப்பாயா? நாக்கு நுனிவரை வந்தது. பதில் தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்பது என்று விழுங்கிக்கொண்டான். பதில் தெரியாதோ என்றும் ஒரு பயம் இருந்தது.

"சாப்பாடு போடட்டா?" என்றாள்.

"பசிக்கல."

வண்டியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பினான். பாய் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மிச்சம் இருக்கிற இரண்டு மடிப்பையும் பிரித்துத் தைத்துவிட்டால் ஆறு முனைக்கே துணி சரியாகிவிடும், சாயந்தரத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்றார். நல்ல யோசனைதான். ஆறு முனையோடு விட்டுவிட்டால் மலேசியாவிலிருந்து வருகிற நாற்பது பேரில் ஒருத்தராவது எண்ணிப் பார்ப்பார்கள். கம்பி கட்டினவனுக்கு இதுகூடத் தெரியலையா என்று சிரிப்பார்கள். சிங்காரம் ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா இருந்தாலே போதும். அந்த எண்ணம் நாக்கில் வெல்லம் மாதிரி இனித்தது. அதை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் கோபுரத்தடியில் நின்றான்.

பிறகு, "கண்ணையா, எல்லாத்தையும் இறக்கு" என்றான்.

"பதினாலயுமா? இன்னும் ரெண்டு நாள்தான கீது?"

"இறக்கு. எட்டா கட்டணும். அரை வட்டத்தோட."

அவன் கட்டாத கோபுரத்தை நான் கட்டுகிறேன். சிங்காரத்தின் மனசில் அந்தச் சமயத்தில் இருந்தது அது ஒன்றுதான். பெருந்தன்மை கிருந்தன்மை ஒன்றும் கிடையாது, சுத்தமான வயிற்றெரிச்சல். ஒரு சதுரத்தை நேராக வைத்தான், இன்னொன்றை மூலை திருப்பி வைத்தான். கை ஒவ்வொரு தரமும் முக்கோணத்துக்கே ஓடியது, இழுத்துப் பிடித்துக் கட்டினான். மூலைகளுக்கு நடுவில் பச்சை மூங்கிலை வளைத்து அரை வட்டம் வைத்தான். இரண்டு முடிச்சு போடுகிற இடத்தில் நான்கு போட்டான். அரை வட்டத்துக்கும் சேர்த்துப் பாய் துணியைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். கடைசியாக இரண்டு கோபுரத்துக்கும் நடுவே பாலத்தை அவனே ஏறிக் கட்டினான். சுலோச்சனா கண்ணையனிடம் சாப்பாடு கொடுத்தனுப்பினாள். சிங்காரம் பாதியைத் தின்றுவிட்டுப் பாதியை நாய்க்குப் போட்டான்.

கல்யாணத்தன்று முகப்பு நின்ற நிற்பைப் பார்த்து அரக்கோணம் பஸ்கூட மெதுவாகப் போயிற்று. வெயில் பட்டு வெள்ளித் துணி பளபளத்தது. மலேசியாக்காரர்கள் குடும்பம் குடும்பமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர், கங்காதரனின் சம்சாரத்துக்குச் சித்தப்பாவாம், கைத்தடியை நீட்டி முனைகளை எண்ணினார். "எட்டு. வளைவும் வெச்சிருக்காங்க. சரியா பிடிச்சிட்டாங்களே" என்றார்.

"கிட்ட நின்னு சொல்லிக் குடுத்தேன் மாமா," என்றான் கங்காதரன். "ரெண்டு வருஷம் கம்பி கட்டினவன் நானு. எனக்குத் தெரியாதா?"

சிங்காரம் பக்கத்திலேயே ஒரு கழியில் கை வைத்துக்கொண்டு நின்றான். வாய் திறந்துகொண்டது. ஒரு வாக்கியம் போதும். சுற்றிலும் நாற்பது பேர், சம்பந்தி வீட்டார் வேறு. வாசலில் சந்தனத் தட்டோடு நின்ற சுலோச்சனா அவனைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை, வெறுமனே பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். யாருக்காக மூடினான் என்று அவனுக்கே விளங்கவில்லை. தன்னையும் அந்த லெட்டருக்குள் சேர்த்துக் கட்டிவிட்டாள் என்று மட்டும் பட்டது, அது அவமானமாகவும் இருந்தது.

பந்திக்கு எல்லோரும் உள்ளே போன பிறகு கங்காதரன் மட்டும் வெளியே வந்தான். அடிச் சட்டத்து முனையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். சிங்காரம் பின்னால் நிற்பது தெரிந்ததா இல்லையா, தெரியவில்லை.

"இவ்ளோ கிட்டக்க நான் பாத்ததே இல்லண்ணா" என்றான்.

எதிரியாக இருந்தவன் கண்ணில் தண்ணீரோடு நின்றால் அவன்மேல் பொறாமைப்படவும் முடியாமல் போய்விடுகிறது. அதற்காகவும் சிங்காரத்தால் அவனை மன்னிக்க முடியவில்லை. இலை போட்டுவிட்டார்கள் என்று சொல்லி உள்ளே அனுப்பிவைத்தான்.

மூன்றாம் நாள் காலையில் பிரிக்க வந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அடுத்த கல்யாணக்காரர்கள் தங்கள் முகப்போடு வந்துவிடுவார்கள் என்று மண்டபத்து மேனேஜர் இரண்டு தரம் போன் செய்துவிட்டார். கண்ணையன் ஒரு பக்கக் கோபுரத்தின் துணியை உருவி மடித்துக்கொண்டிருந்தான். பாலத்தைப் பிரிக்க சிங்காரம் மேலே ஏறினான். காலை ஒரு குறுக்குக் கழியில் பின்னிக்கொண்டு, இடது கையால் கோபுரத்தை அணைத்துக்கொண்டு, அரிவாள் முனையை முதல் முடிச்சில் வைத்தான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை ஓரமாக சுலோச்சனா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவன் வேலை செய்கிற இடத்துக்கு இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தரம்கூட வந்ததில்லை. ஒரு லாரி போகிறவரை காத்திருந்து ரோட்டைக் கடந்து, கோபுரத்தின் அடிக்கு வந்தாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாங்க," என்றாள். "இன்னும் ஒரு நாள் உட்டு வெக்க முடியாதா?"

அடுத்த கல்யாணக்காரர்கள் வருகிறார்கள், முடியாது என்று சொல்லவேண்டும். அதுதான் உண்மை. அதற்குப் பதிலாக, எதுக்கு என்று கேட்கத்தான் அவனுக்கு வாய் துடித்தது. அவள் பார்ப்பது தன்னையா, தான் அணைத்துக்கொண்டிருப்பதையா என்று மேலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணுக்கு மேலே அவள் கையின் நிழல் விழுந்திருந்தது. கீழேயிருந்து கண்ணையன், "கயித்த வெட்டலாமா?" என்று கேட்டான். மலைப் பக்கமிருந்து காற்று வந்து வெள்ளித் துணிக்குள் புகுந்தது. துணி உப்பி, எட்டு முனையும் விறைத்து நின்று, மெதுவாகத் தளர்ந்தது. சிங்காரம் அரிவாளை முடிச்சிலேயே வைத்தபடி மேலே நின்றான்.